வந்த செலவும் கற்ற செலவும்

1907-இல் மலாயாவில் ஒரு புதிய தீர்வை வந்தது. தமிழ்க் குடிநுழைவு நிதி என்பது அதன் பெயர். பின்னாளில் இந்தியக் குடிநுழைவு நிதி என்று மாறியது. தென்னிந்தியத் தொழிலாளர்களை வைத்து வேலை வாங்கும் முதலாளிகள், அவர்கள் செய்த வேலைநாள்களை எண்ணி, மூன்று மாதத்துக்கு ஒரு முறை இந்த நிதிக்குப் பணம் கட்ட வேண்டும். ஊரிலிருந்து நாகப்பட்டினத்துக்கோ சென்னைக்கோ வரும் ரயில் கட்டணம், முகாமில் சாப்பாடு, கப்பல் கட்டணம், பினாங்கில் இறங்கியதும் தொற்றுத்தடுப்பு முகாமில் கழியும் நாள்களின் செலவு எல்லாம் அந்தப் பணத்திலிருந்து கொடுக்கப்பட்டன. இப்படி வந்து இறங்கும் ஆள் இந்தச் செலவுக்காக யாருக்கும் கடன்பட்டவன் அல்ல என்று சட்டம் சொன்னது. பேராக் மாநிலத்து ஆயர் தாவார், சித்தியவான், புருவாஸ் வட்டாரத்துத் தோட்டங்களில் லயம் என்ற வரிசை வீடுகளில் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் பல இந்த ஏற்பாட்டின் கீழ்தான் கடல் தாண்டின.

வேலைக்காகச் செய்யும் பயணத்தையும் வேலைக்காகக் கற்கும் கல்வியையும் வரிச் சட்டம் எப்படி நடத்துகிறது என்பது இன்று கணக்காளர்களின் விவகாரமாகத் தோன்றுகிறது. ஆண்டுக்கு ஒரு முறை வரிப் பாரம் நிரப்பும்போது எந்தக் கட்டத்தில் எவ்வளவு எழுதலாம் என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. மலேசியத் தமிழரின் வரலாற்றில் இது அவ்வளவு சிறிய கேள்வி அல்ல. ஒருவன் வேலைக்கு வந்து சேரும் செலவு அவன் தலையில் விழுந்தால் அவன் கடனாளி. தொழிலின் தலையில் விழுந்தால் அவன் சுதந்திரமான கூலிக்காரன். இந்த உண்மையைக் காலனி அரசே 1907-இல் ஒப்புக்கொண்டு, பயணச் செலவைத் தொழில் முழுவதற்கும் பொதுச் செலவாக்கியது. அந்த நெறி பின்னர் கல்விக்கும் அன்றாடப் பயணத்துக்கும் நீண்டிருக்க வேண்டும். நீளவில்லை. 1948-இல் வந்த வருமான வரி இரண்டையும் தனிமனிதனின் சொந்தச் செலவாகப் பார்த்தது. 1993-இல் கல்விக்கு மட்டும் பழைய நெறி திரும்பி வந்தபோது தோட்டத்து மக்கள் அதன் எல்லைக்கு வெளியே நின்றார்கள். ஆயர் தாவார் போன்ற ஊர்களிலிருந்து பார்த்தால்தான் இந்த வரிசை கண்ணுக்குத் தெரிகிறது.

1907-க்கு முந்திய நிலையைச் சொன்னால்தான் அந்தத் தீர்வையின் அருமை விளங்கும். பேராக்கின் வடமேற்கே கிரியான் வட்டாரத்துக் கரும்புத் தோட்டங்களில் ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழர்கள் வேலை செய்தார்கள். கப்பல் கட்டணம் முன்பணமாக எழுதப்பட்டு, மாதாமாதம் கூலியில் பிடிக்கப்பட்டது. ஒப்பந்தக் காலம் முடியாமல் விலகினால் அது குற்றம், சிறைக்கும் போகலாம். ரப்பர் வந்தபோது இந்த முறை முதலாளிகளுக்கே போதவில்லை. விலை ஏறிக்கொண்டிருந்தது, காடு அழிந்துகொண்டிருந்தது, ஆள் உடனே வேண்டும். ஆள்சேர்க்கும் தலைவனான கங்காணியை ஊருக்கு அனுப்பி, தன் பணத்தைப் போட்டு ஆள் கொண்டுவந்த தோட்டத்துக்கு ஒரு பெரிய இடைஞ்சல் இருந்தது. பக்கத்துத் தோட்டக்காரன் நாள் கூலியில் சில காசு கூட்டிச் சொன்னால் போதும், வந்த ஆள்கள் இரவோடு இரவாக அங்கே போய்விடுவார்கள். செலவழித்தவன் ஒருவன், பலன் கண்டவன் வேறொருவன். இதனால் ஆள் இழப்பவன் கடனையும் காவலையும் இறுக்கினான். அடுத்தவன் ஆளை இழுத்துக்கொண்டவன் ஊருக்குக் கங்காணி அனுப்புவதையே விட்டுவிட்டான். தொழிலுக்குத் தேவையான ஆள்வரத்து இப்படியே வற்றிவிடும் என்ற அச்சம் அரசுக்கும் தோட்டக்காரர் சங்கங்களுக்கும் வந்தது.

இதற்கு நிதி கண்டுபிடித்த வழி எளிமையானது. ஆளை யார் கொண்டுவந்தாலும் சரி, யார் வேலை வாங்குகிறார்களோ அவர்கள் கட்டட்டும். கங்காணி அனுப்பி ஆள் எடுத்தவருக்கு நிதியிலிருந்து படி கிடைக்கும். அனுப்பாமல் அடுத்தவரின் ஆளை வைத்துக்கொண்டவரும் அந்த ஆளின் வேலைநாளுக்குத் தீர்வை கட்டியே ஆக வேண்டும். ஆகவே ஆள் திருட்டில் லாபம் குறைந்தது. ஆளைக் கட்டிப்போட வேண்டிய அவசியமும் குறைந்தது. 1910-இல் ஒப்பந்தக் கூலி முறை நிறுத்தப்பட்டது. அதற்கு இந்தியாவில் எழுந்த எதிர்ப்பும் லண்டனின் நெருக்கடியும் காரணம் என்பது உண்மைதான். ஆயினும் மாற்று வழி ஒன்று கையில் தயாராக இருந்ததால்தான் தோட்ட முதலாளிகள் பெரிய சச்சரவு இல்லாமல் அதை விட்டுக்கொடுத்தார்கள். அதற்குப் பின் வந்த தொழிலாளி ஒரு மாத முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டு வேறு தோட்டம் போகலாம். ஏட்டில் எழுதியபடி எல்லா இடத்திலும் நடந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் சட்டத்தின் பார்வையில் அவன் கால் கட்டப்படவில்லை.

இந்தத் தீர்வை எப்படிக் கணக்கிடப்பட்டது என்பதைக் கிட்டே போய்ப் பார்ப்பது பயனுள்ளது. விடியுமுன் பெரட்டுக் களத்தில் ஆள்கள் வரிசையில் நிற்பார்கள். தோட்டத்து எழுத்தரான கிராணி பெயர் கூப்பிட்டு, செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் ஒவ்வொரு பெயருக்கும் நேரே அன்றைய கட்டத்தில் குறி போடுவார். மாதக் கடைசியில் அந்தக் குறிகளைக் கூட்டினால் கூலி. காலாண்டுக் கடைசியில் கூட்டினால் நிதிக்குக் கட்ட வேண்டிய தீர்வை. ஆணுக்கும் பெண்ணுக்கும் வீதம் வேறு. ஒரே கோட்டில் ஒருவனின் அன்றைய சம்பாத்தியமும், இன்னும் வந்து சேராத மற்றொருவனின் கப்பல் கட்டணமும் பதிவாயின. தீர்வையை முதலாளிதான் கட்டினார், கூலியில் பிடிக்க உரிமை இல்லை. அரசின் ரயில்வேயும் பொதுப்பணித் துறையும் தமிழ்க் கூலிகளை வைத்திருந்ததால் அவையும் கட்டின. ஒரு தொழிற்படையை உருவாக்கும் செலவை, அந்தப் படையால் பயனடையும் எல்லாரிடமிருந்தும், பயன்பெற்ற அளவுக்கு வாங்குவது என்பது இன்றைக்கும் நல்ல வரிக் கொள்கைதான்.

இதை இவ்வளவு உயர்த்திச் சொல்லலாமா என்று கேட்பவர்கள் இருப்பார்கள். நிதியை நடத்திய குழுவில் தோட்டத் துரைமார்கள்தான் உட்கார்ந்திருந்தார்கள்; தொழிலாளிக்கு அங்கே நாற்காலி இல்லை. மலிவான ஆளை ஏராளமாக இறக்கி, கூலியை ஏறவிடாமல் வைத்திருப்பதே அவர்கள் எண்ணம். இது மறுக்க முடியாத குற்றச்சாட்டு. 1920களின் பிற்பகுதியில் ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்று நிர்ணயமான நாள் கூலி, ரப்பர் விலை சரிந்தபோது தாராளமாகக் குறைக்கப்பட்டது. 1930 முதல் மூன்றாண்டுகளில் லட்சத்துக்கும் மேற்பட்டோரை ஊருக்குத் திருப்பி அனுப்ப இதே நிதிதான் கப்பல் கட்டணம் கொடுத்தது. வரவழைத்த கையே வெளியேற்றியது. 1938-இல் ஆண் கூலியை மறுபடி 45 காசாக இறக்கியதும் இந்திய அரசு உதவிப் பயணக் குடியேற்றத்தையே தடை செய்தது. இவ்வளவும் சரி. ஆனால் ஒரு சட்டத்தைப் போட்டவரின் எண்ணம் வேறு, அந்தச் சட்டம் நிலைநாட்டிய நெறி வேறு. திரும்பிப் போகும் செலவைக்கூட தொழிலாளியிடம் கேட்க முடியாமல் போனது அந்த நெறியால்தான். துரைமார்கள் தங்கள் நலத்துக்காகச் செய்த காரியத்தில் தொழிலாளிக்கு ஓர் உரிமை பிறந்தது. அதை அவர்கள் பெருந்தன்மையாக நான் வரவு வைக்கவில்லை. உரிமையாக மட்டும் வரவு வைக்கிறேன்.

இரண்டாவது எதிர்வாதம் கங்காணியைப் பற்றியது. கப்பல் கட்டணம் இலவசம் என்றாலும் ஊரில் கடன் அடைக்க, குடும்பத்துக்கு விட்டுவர, வேட்டி சேலை வாங்க என்று கங்காணி கொடுத்த முன்பணம் பேரேட்டில் ஏறியது. ஆள் கடனாளியாகத்தானே வந்தான்? வந்தான். தோட்டத்துக் கடையிலும் கங்காணி கணக்கிலும் பல ஆண்டு அடிமைப்பட்டவர்கள் உண்டு. ஆனால் அந்தக் கடனுக்குப் போலீசும் நீதிமன்றமும் துணை நிற்கவில்லை. ஒப்பந்தக் கூலி காலத்தில் நின்றன. வேறுபாடு அதுதான். மூன்றாவது எதிர்வாதம் பொருளாதாரக்காரர்களுடையது: முதலாளி கட்டும் எந்தத் தீர்வையும் கடைசியில் கூலியைக் குறைத்தே ஈடுசெய்யப்படும், ஆகவே தொழிலாளிதான் கட்டினான். ஒரு பகுதி அப்படி நடந்திருக்கலாம். அப்போதும் எல்லார் கூலியிலும் சில காசு குறைவது ஒன்று. தனி ஒருவனின் பெயரில் முழுக் கப்பல் கட்டணமும் கடனாக நிற்பது இன்னொன்று. முன்னது அவனை ஏழையாக்குகிறது. பின்னது அவனை அசையவிடாமல் செய்கிறது.

இனி கற்ற செலவுக்கு வருவோம். ரப்பர் மரத்தில் பால் வெட்டுவது பார்ப்பதற்கு எளிது. பட்டையை எவ்வளவு மெல்லியதாகச் சீவ வேண்டும், கத்தி எவ்வளவு ஆழம் போகலாம், எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்பது கைக்குப் பழகச் சில மாதங்கள் ஆகும். இடமிருந்து வலமாகச் சரிந்து இறங்கும் கோட்டில் பட்டையின் உள்ளடுக்கு வரை போனால்தான் பால் சரியாக வரும். அதற்கும் உள்ளே மரத்தைத் தொட்டுவிட்டால் காயம் ஆறும்போது முண்டு முண்டாகப் புடைத்து, அடுத்த முறை அந்த இடத்தில் வெட்டவே முடியாது. ஆகவே புதியவர்களைக் கிழ மரங்களில் விட்டுப் பழக்குவார்கள். பிள்ளைகள் தாயோடு நிரை என்ற மர வரிசைக்குப் போய், பால் வடியும் மங்கைத் துடைத்து, ஒட்டுப்பால் எடுத்துக் கொடுத்து, கண்ணால் கற்றார்கள். இந்தக் கல்விக்குத் தோட்டம் என்ன செலவழித்தது? மரத்தில் விழுந்த காயத்தைச் செலவாக எண்ணியது. கற்றவர் செலவழித்த காலத்தை யாரும் எண்ணவில்லை.

1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேராவது இருக்கும் தோட்டம் பள்ளிக்கூடம் வைக்க வேண்டும் என்றது. தோட்டங்கள் வைத்தன. பல இடங்களில் கிராணியோ, எழுத்தறிந்த கங்காணியோ, கோவில் பண்டாரமோ ஆசிரியரானார். தமிழாசிரியர்களுக்கு முறையான பயிற்சி என்று ஏதாவது தொடங்கியதே 1930களின் பிற்பகுதியில்தான். ஆயர் தாவார் தோட்டத் தமிழ்ப்பள்ளி போன்ற பெயர்களில் இன்றும் அந்தப் பழைய சட்டத்தின் தடம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆனால் பள்ளிச் செலவு அந்தந்தத் தோட்டத்தின் தனிச் செலவாக விடப்பட்டது. கப்பல் கட்டணத்துக்குப் பொது நிதி வைத்தவர்கள் கல்விக்கு வைக்கவில்லை. காரணம் வெளிப்படை. படித்த பிள்ளை தோட்டத்தை விட்டுப் போகும். அதற்கு ஏன் தோட்டம் செலவழிக்க வேண்டும்? ஆள் திருட்டுக்கு எதிராக அவர்களே கட்டிய வாதத்தின் மறுபக்கம் இது. வந்த ஆள் பக்கத்துத் தோட்டத்துக்குப் போனாலும் ரப்பர் தொழிலில்தான் இருப்பான். படித்தவன் தொழிலையே விட்டுவிடுவான்.

பொது நிதி திரட்ட வழி தெரியாமல் இல்லை என்பதற்கு 1925-இல் அமைந்த ரப்பர் ஆய்வுக் கழகமே சாட்சி. ஏற்றுமதியாகும் ரப்பரின் மேல் தீர்வை போட்டு அதை நடத்தினார்கள். 1952-இல் மறுநடவு நிதிக்கும் அதே வழிதான். மரத்தைப் பற்றிய அறிவை வளர்க்கத் தொழில் முழுவதும் பங்கு கொடுத்தது. பழைய மரத்தை வெட்டிப் புது மரம் வைக்கவும் பங்கு கொடுத்தது. மரத்தை வெட்டுபவரின் அறிவுக்கு அப்படி ஒரு நிதி எழவே இல்லை. ஆய்வுக் கழகம் வெட்டு முறைகளைக் கற்றுக்கொடுத்தது உண்டு, அது பயனுள்ள பாடம்தான். ஆனால் அது மரத்தின் ஆயுளை நினைத்துச் சொன்ன பாடம். வெட்டுபவர் நாளை இயந்திரம் பழுதுபார்ப்பவராகவோ மின்பணியாளராகவோ ஆவதை நினைத்துச் சொன்னதல்ல. என்னைப் பொறுத்தவரை மலேசியத் தோட்ட வரலாற்றில் மிகவும் வருந்தத்தக்க கணக்கு இதுதான்.

வருமான வரி மலாயாவுக்கு நெடுநாள் வரவில்லை. முதல் உலகப் போரின்போதும் அதையொட்டியும் சிங்கப்பூர், பினாங்கு பகுதிகளில் கொஞ்ச காலம் வசூலித்துவிட்டுக் கைவிட்டார்கள்; வணிகர்களும் தோட்டக்காரர்களும் எதிர்த்தார்கள். இரண்டாம் போருக்குப் பின், 1947-இல் சட்டம் போட்டு 1948 முதல் நிலையாக வசூலிக்கத் தொடங்கினார்கள். இன்று நடப்பில் இருக்கும் 1967-ஆம் ஆண்டுச் சட்டம் அதன் வாரிசு. இதன் 33-ஆம் பிரிவு, வருமானத்தை ஈட்டுவதற்காகவே முழுமையாகவும் தனியாகவும் செய்த செலவை மட்டும் கழிக்கலாம் என்கிறது. நிறுவனத்துக்கு இந்தப் பிரிவு தாராளமாகத் திறந்திருக்கிறது: பணியாளரைப் பயிற்சிக்கு அனுப்பினால், வேலையாக வெளியூர் அனுப்பினால், அது தொழில் செலவு. பணியாளர் அதே செலவைத் தன் பையிலிருந்து செய்தால் கதவு இறுகிவிடுகிறது. வேலையின் நடுவே செய்த பயணம் கழியும். வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் பயணம் கழியாது. வேலைக்குத் தகுதி பெறக் கற்பது சொந்தச் செலவு.

இந்தப் பிரிவினை இங்கிலாந்து நீதிமன்றங்களில் உருவானது. 1925-இல் பிரபுக்கள் அவைக்குப் போன ரிக்கெட்ஸ் வழக்கு இதில் பெரும் பெயர் பெற்றது. லண்டனில் குடியிருந்து தொழில் செய்த ஒரு வழக்கறிஞர், போர்ட்ஸ்மவுத் நகரில் நீதிப் பதவியும் வகித்தார். அங்கே போய்வரும் ரயில் கட்டணத்தையும் விடுதிச் செலவையும் வரியில் கழிக்கக் கேட்டார். அவை மறுத்தது. அவர் லண்டனில் வாழ்வது அவர் விருப்பம். வேலை நடக்கும் ஊரிலேயே குடியிருந்தால் அந்தச் செலவே இல்லை. ஆகவே அது பதவியின் செலவல்ல என்பது தீர்ப்பின் சாரம். கல்வியிலும் இதே தர்க்கம். 1962-இல் ஒரு தலைமையாசிரியர், தான் சொல்லிக்கொடுக்கும் வரலாற்றுப் பாடத்துக்காக வார இறுதி விரிவுரைகளுக்குப் போன செலவைக் கேட்டார். நீங்கள் கற்பிக்கவில்லை, கற்பிக்க உங்களைத் தயார் செய்துகொண்டீர்கள் என்று சொல்லி நீதிமன்றம் தள்ளிவிட்டது. மலேசியச் சட்டத்தின் சொற்கள் பிரிட்டிஷ் சட்டத்தின் சொற்களைவிடச் சற்று இளகியவை. அங்கே இருக்கும் ‘அவசியமாக’ என்ற நிபந்தனை இங்கே இல்லை. ஆனால் அடிப்படைச் சிந்தனை அதேதான்.

லண்டன் வழக்கறிஞருக்கு அந்தத் தீர்ப்பு நியாயமாக இருந்திருக்கலாம். எங்கே குடியிருப்பது என்பதை அவர் தேர்ந்தெடுத்தார். தோட்டத்து மக்கள் எதைத் தேர்ந்தெடுத்தார்கள்? லயம் தோட்டத்துச் சொத்து. வேலை போனால் வீடும் போகும். தோட்டம் இருந்தவரை வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் செலவு என்ற ஒன்றே கிடையாது. பெரட்டுக் களமும் நிரையும் நடந்து போகும் தூரம். 1950களில் ஐரோப்பிய நிறுவனங்கள் தோட்டங்களை விற்றுவிட்டுப் போகத் தொடங்கின. வாங்கியவர்கள் துண்டு போட்டு விற்றார்கள். உங்கு அசிஸ் இந்தத் துண்டாடலைப் பற்றி விரிவாக ஆய்ந்து எழுதினார். சுங்கை சிப்புட்டின் துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளரின் மாதச் சேமிப்பைக் கொண்டே தோட்டங்களை வாங்கிக் காப்பாற்ற முனைந்தார். அதற்கு மேல் ரப்பரைப் பிடுங்கிச் செம்பனை வைத்தபோது ஆள்தேவையே குறைந்தது. லயங்களை விட்டு வெளியேறிய குடும்பங்கள் ஆயர் தாவார், சித்தியவான் பக்கம் வீடமைப்புப் பகுதிகளிலும் கம்பங்களிலும் குடியேறின. லூமுட் கடற்படைத் தளம், மஞ்சோங் அனல்மின் நிலையம், தெலுக் ரூபியா இரும்புத்தாது முனையம், தொலைவில் ஈப்போ தொழிற்சாலைகள் என்று வேலை இடங்கள் சிதறின. நூறாண்டில் முதல் முறையாக இந்த மக்களுக்கு அன்றாடப் பயணச் செலவு என்று ஒன்று வந்தது. வந்த அன்றே, அது உன் விருப்பச் செலவு என்று சட்டம் தயாராகச் சொல்லிவிட்டது.

பயணத்தைச் சட்டம் எப்போதுமே இப்படிக் கண்டிப்பாகப் பார்க்கவில்லை என்பதும் குறிப்பிடத்தக்கது. முதலாளி கொடுக்கும் விடுமுறைப் பயணச் செலவில், உள்நாட்டில் ஆண்டுக்கு மூன்று முறை வரைக்கும், வெளிநாட்டில் ஒரு முறை 3,000 ரிங்கிட் வரைக்கும் வரி இல்லை. தோட்டத் துரைமார்களுக்குச் சில ஆண்டுக்கு ஒரு முறை இங்கிலாந்து போய்வர நிறுவனம் கப்பல் கட்டணம் கொடுத்த பழக்கத்தை நினைத்துக்கொண்டு பார்த்தால், எந்தப் பயணத்தை நாட்டின் மேல்தட்டு இயல்பானதாகக் கருதியது என்பது புரியும். 2008-இல் எரிபொருள் விலை ஏறியபோது, வேலைக்குப் போய்வர முதலாளி கொடுக்கும் படியில் ஆண்டுக்கு 2,400 ரிங்கிட் வரை மூன்றாண்டுகளுக்கு விலக்குக் கொடுத்தார்கள். 2010-ஆம் மதிப்பீட்டு ஆண்டோடு அது முடிந்தது. அலுவல் பயணப் படிக்கான 6,000 ரிங்கிட் விலக்கு மட்டும் நிலைத்தது. மோட்டார் சைக்கிளில் லூமுட்டுக்குப் போகும் துப்புரவுத் தொழிலாளிக்கு இரண்டாலும் பயனில்லை. அவருக்குப் படியும் இல்லை, வரியும் இல்லை.

கல்விக்குப் பொது நிதி என்ற எண்ணம் 1990களில்தான் எழுந்தது. அதற்கு முன் 1987-இல் அரசு வரிச்சலுகையை நம்பிப் பார்த்தது: பணியாளர் பயிற்சிக்குச் செலவழித்தால் அந்தத் தொகையின் இரு மடங்கை வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம். பெரிய நிறுவனங்களும் பன்னாட்டு நிறுவனங்களும் பயன்படுத்திக்கொண்டன, மற்றவர்கள் கண்டுகொள்ளவில்லை. பயிற்சி கொடுத்தால் பயிற்சி பெற்றவர் பக்கத்து ஆலைக்குப் போய்விடுவார் என்ற பழைய பயம் வரிக்கழிவால் தீரவில்லை. ஆகவே 1992-இல் மனிதவள மேம்பாட்டுச் சட்டம் வந்தது. 1993 தொடக்கத்திலிருந்து ஐம்பது பேராவது வைத்திருக்கும் உற்பத்தி நிறுவனங்கள் சம்பளத்தில் ஒரு விழுக்காட்டைத் தீர்வையாகக் கட்டி, பயிற்சி கொடுத்தபின் அதிலிருந்து மீட்டுக்கொள்ள வேண்டும் என்று ஆனது. கங்காணி அனுப்பாதவரும் கட்ட வேண்டும் என்ற 1907-இன் தர்க்கம்தான் இது, அட்சரம் பிசகாமல். பயணத்தின் இடத்தில் பயிற்சி, ஆள் திருட்டின் இடத்தில் பயிற்சி பெற்றவரைத் தட்டிக்கொண்டு போவது. இந்த நாட்டின் தொழில் வரலாற்றில் இரண்டு முறை ஒரே நோய்க்கு ஒரே மருந்து தேடப்பட்டது. முதல் முறை தேடியவர்களை இரண்டாம் முறை யாரும் நினைவுகூரவில்லை. தென்னிந்தியத் தொழிலாளர் நிதி என்ற பெயரில் 1958 முதல் தொடர்ந்த பழைய நிதியும் 1999-இல் நாடாளுமன்றச் சட்டத்தால் கலைக்கப்பட்டது.

உற்பத்தித் துறைக்குப் பின் 1995-இல் சேவைத் துறைகள் சேர்ந்தன. 2001-இல் சட்டம் புதுப்பிக்கப்பட்டது. விவசாயம் பரவலாக உள்ளே வந்தது 2021 மார்ச்சில். தோட்டத்துத் தமிழர்கள் கூட்டம் கூட்டமாக வேலையிழந்து வெளியேறிய காலம், அவர்களுக்கு வேறு தொழில் கற்றுக்கொடுக்க ஒரு நிதி உயிர்காத்திருக்கக்கூடிய காலம், 1980களும் 90களும். அப்போது தோட்ட நிறுவனங்கள் இந்தத் தீர்வையைக் கட்டியிருந்தால், பால் வெட்டப் போன பெண்ணுக்குத் தையலோ கணினியோ, செம்பனைக் குலை அறுத்தவருக்குப் பற்றவைப்போ மின்கம்பிப் பணியோ கற்பிக்க ஒரு கணக்கில் பணம் இருந்திருக்கும். முப்பதாண்டு தாமதம் ஒரு தலைமுறையை விழுங்கிவிட்டது. தோட்டங்களின் லாபம் அந்தக் காலத்தில் குறைவு, ரப்பர் விலை விழுந்துகிடந்தது, ஒரு விழுக்காடு கூடுதல் சுமை என்று வாதிடலாம். ரப்பர் நிலத்தைச் செம்பனையாக்கவும், பின்னர் பல இடங்களில் வீட்டுமனையாக்கவும் முதலீடு கிடைத்த நிறுவனங்களைப் பற்றித்தான் பேசுகிறோம் என்பதை மறக்கக் கூடாது.

இப்போது தனிநபருக்கே கல்விச் சலுகை இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. சுயக் கல்விக் கட்டணத்துக்கு 7,000 ரிங்கிட் வரை நிவாரணம் உண்டு. திறன் மேம்பாட்டுக் குறும்பயிற்சிகளும் அதற்குள் 2,000 ரிங்கிட் வரை சேர்க்கப்பட்டன. தொழிலாளி தான் விரும்பியதைக் கற்க இது வழிவிடுகிறது, முதலாளியின் தயவு தேவையில்லை என்ற நியாயம் எனக்கு ஏற்புடையதே. ஆனால் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். மாதம் 1,700 ரிங்கிட் குறைந்தபட்சச் சம்பளம் வாங்குபவரின் ஆண்டு வருமானம் 20,400. தனிநபர் நிவாரணம் 9,000, ஊழியர் சேமநிதிக்குப் போகும் 2,244 இரண்டையும் கழித்தால் 9,156 மிஞ்சும். அதற்கு வரி 42 ரிங்கிட்டுக்குள். 400 ரிங்கிட் தள்ளுபடி அதையும் அழித்துவிடும். இவர் 7,000 ரிங்கிட் செலவழித்து ஒரு தொழிற்கல்வி முடித்தால் அரசிடமிருந்து கிடைப்பது சுழியம். ஆண்டுக்கு இரண்டு லட்சம் ரிங்கிட் சம்பாதிக்கும் மேலாளர் அதே 7,000-த்தை முதுகலைப் படிப்புக்குக் கட்டினால், 25 விழுக்காடு வரிப்படியில் 1,750 ரிங்கிட் மிச்சம். படிப்பு யாருக்கு அதிகம் தேவையோ அவருக்கு உதவி இல்லை. வரி கட்டாதவருக்கு ஏன் வரிச்சலுகை என்று திருப்பிக் கேட்டால், சலுகை என்ற கருவியே இங்கே தவறு என்பதுதான் என் பதில். 1907-இல் கூலிக்காரன் வருமான வரி கட்டவில்லை என்பதற்காக அவன் கப்பல் கட்டணத்தை யாரும் மறுக்கவில்லை. செலவைத் தொழிலிலிருந்து எடுத்தார்கள்.

இன்று ஆயர் தாவார் பக்கத்துச் செம்பனைத் தோட்டங்களிலும் நாட்டின் மற்றத் தோட்டங்களிலும் வேலை செய்பவர்களில் பெரும்பகுதியினர் இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் வந்தவர்கள். மனிதவளத் தீர்வை குடிமக்களின் சம்பளத்தைக் கொண்டு மட்டுமே கணக்கிடப்படுவதால் 2021-இன் விரிவாக்கம் இவர்களைத் தொடவில்லை. அந்நியத் தொழிலாளர் லெவி என்று அரசு வசூலிக்கும் தொகையோ யார் தலையில் என்பதில் ஊசலாடியது: 2009-இல் முதலாளி கட்ட வேண்டும் என்றார்கள், 2013-இல் தொழிலாளியின் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளலாம் என்றார்கள், 2018-இல் மறுபடி முதலாளியிடம் திருப்பினார்கள். வேலைக்கு வந்து சேரும் செலவு மட்டும் முகவர்கள் வழியாகத் தொழிலாளியின் கடனாகவே நீடித்தது. 2020 டிசம்பரில் அமெரிக்கச் சுங்கத்துறை சைம் டார்பி பிளாண்டேஷனின் செம்பனை எண்ணெயைத் தடுத்து நிறுத்தியபோது எழுந்த குற்றச்சாட்டுகளில் கடன் அடிமைத்தனமும் ஒன்று. நிறுவனம் தொழிலாளர்கள் கட்டிய ஆள்சேர்ப்புக் கட்டணங்களைத் திருப்பிக் கொடுத்தது, 2023 பிப்ரவரியில் தடை நீங்கியது. நூற்றுப் பதின்மூன்று ஆண்டுக்கு முன் இதே நாட்டில் சட்டமாக இருந்த ஒரு நெறியை அயல்நாட்டுச் சுங்க அதிகாரி நினைவூட்ட வேண்டியிருந்தது.

தோட்டத்துறையில் ஆளுக்கு ஆண்டுக்கு 640 ரிங்கிட் என்று 2016-இல் நிர்ணயமான லெவி அரசுக் கருவூலத்துக்குப் போகிறது. அதில் ஒரு பகுதியைப் பிரித்து, வரும் தொழிலாளியின் பயணத்தையும் முகவர் கட்டணத்தையும் நேரடியாகச் செலுத்தும் நிதி ஒன்றை அமைக்கலாம். இன்னொரு பகுதியைக் குறைந்த சம்பளத்துக் குடிமக்களின் தொழிற்கல்விக்கு வரிச்சலுகையாக அல்ல, ரொக்க மானியமாகக் கொடுக்கலாம். முதலாளிகளுக்கு இதனால் புதிய சுமை ஒரு காசும் இல்லை. ஏற்கெனவே கட்டுவதைத்தான் பிரிக்கிறோம். கருவூலத்துக்கு இழப்பு உண்டு, அதை மறைக்க வேண்டியதில்லை. அந்தப் பணம் முதலில் யாருடைய உழைப்பின் பேரில் வசூலிக்கப்பட்டதோ அவர்களிடம் திரும்பிப் போவதை இழப்பு என்று எழுதுவதா என்பதை நாடாளுமன்றத்தில் வரவுசெலவுத் திட்ட விவாதத்தின்போது கேட்க, தோட்டத்துப் பிள்ளைகளாகப் பிறந்து இன்று அங்கே உட்கார்ந்திருப்பவர்களுக்கு எல்லா உரிமையும் இருக்கிறது.